நீண்டகால நோயுள்ள குழந்தைக்கு அரசு உதவி: தமிழ்நாட்டில் எங்கிருந்து தொடங்குவது?

குழந்தைக்கு, அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிய தலசீமியா என்றோ, டைப் 1 சர்க்கரை என்றோ, வலிப்பு நோய் என்றோ மருத்துவர் சொன்ன அன்றைக்கே உறவினர் யாராவது ஒருவர் "முதல்ல காப்பீட்டு அட்டை எடுத்துடுங்க" என்பார். நல்ல யோசனைதான். ஆனால் அட்டை கைக்கு வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலரும் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் அந்த அட்டை பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்கு உரியது. மாதாமாதம் வாங்கும் மாத்திரை, இன்சுலின், ரத்தப் பரிசோதனை, பேருந்துக் கட்டணம் எல்லாம் அதற்கு வெளியே நிற்கும். நீண்டகால நோயில் குடும்பத்தைக் கரைப்பது பெரும்பாலும் இந்தச் சில்லறைச் செலவுகள்தான்.

அதனால் பெரிய சிகிச்சைக்கு அட்டை, மாதச் செலவுக்கு அரசு மருத்துவமனைப் பதிவு, நோயைப் பொறுத்து மாற்றுத்திறனாளி சான்று என மூன்றையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும். ஒன்று முடிந்தபின் மற்றொன்று என்று காத்திருந்தால் ஒரு வருடம் ஓடிவிடும்.

முதலில் காகிதங்கள்

இந்த வேலையில் பாதி நேரத்தைத் தின்பது பெயர்ப் பொருத்தம். பிறந்தவுடன் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தையின் பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாம் தாய் பெயரில், "பேபி ஆஃப்" என்று தொடங்கும். பிறப்புச் சான்றிதழில் பெயர் இன்னும் ஏறியிருக்காது. ஆதாரில் இனிஷியல் பின்னால், ரேஷன் அட்டையில் முன்னால், பள்ளியில் அப்பா பெயர் முழுசாக. கணினிக்கு இவை மூன்று வேறு குழந்தைகள். நோய் தெரிந்த முதல் வாரத்திலேயே இதைச் சரிசெய்யத் தொடங்குங்கள்.

பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்க முதல் ஒரு வருடம் கட்டணம் கிடையாது; அதற்குப் பிறகு 15 வயது வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். அந்தச் சான்றிதழை வைத்து ஆதார். 5 வயதுக்குள் கைரேகை எடுக்க மாட்டார்கள், பெற்றோர் ஆதாருடன் இணைத்துக் கொடுப்பார்கள்; 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகையைப் புதுப்பிக்க வேண்டும். அப்புறம் ரேஷன் அட்டையில் குழந்தையின் பெயர். இது மிக முக்கியம். காப்பீட்டில் குடும்பம் என்பதை ரேஷன் அட்டையை வைத்துத்தான் பார்க்கிறார்கள். இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்றிதழுக்கும் அங்கேயே ஒரு மனு போட்டுவிடுங்கள்.

மருத்துவக் காகிதங்களில் மூலப்பிரதி எதையும் யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள். ஜெராக்ஸ் கொடுங்கள், அசலைக் காட்டுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் பெயர் முழுமையாக எழுதப்பட்டிருக்கிறதா என்று வார்டிலிருந்து கிளம்பும் முன்பே பாருங்கள். "காய்ச்சல், ரத்தசோகை" என்று மட்டும் இருந்தால் எந்தத் திட்டத்திலும் நுழைய முடியாது. "பீட்டா தலசீமியா மேஜர்" என்று இருந்தால் வழி திறக்கும். சுருக்கெழுத்துகளை விரித்து எழுதித் தரும்படி டாக்டரிடம் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

டி.இ.ஐ.சி. என்ற அறையைத் தேடுங்கள்

புதிதாக வரும் பெற்றோருக்கு நான் முதலில் சொல்வது இந்த இடத்தைத்தான். ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் 2013-ல் தொடங்கியது. பிறந்ததிலிருந்து 18 வயது வரை, பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, குழந்தைப் பருவ நோய், வளர்ச்சித் தாமதம் என்ற நான்கு வகையில் குழந்தைகளைப் பரிசோதிப்பதும் சிகிச்சைக்கு அனுப்புவதும் இதன் வேலை. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறையும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு ஒரு முறையும் வரும். பிறவி இதயக் கோளாறு, பிறவிக் காது கேளாமை, கண்புரை, உதடு அண்ணப் பிளவு, வலிப்பு எல்லாம் இதன் பட்டியலில் உண்டு.

இந்தக் குழு கண்டுபிடிக்கும் குழந்தைகளை அனுப்பும் இடம்தான் மாவட்ட இடையீட்டு சேவை மையம், பேச்சுவழக்கில் டி.இ.ஐ.சி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ இருக்கும். குழந்தை மருத்துவர், பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, உளவியல், சிறப்புக் கல்வி எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் இருக்க வேண்டும் என்பது திட்டம். எல்லா மாவட்டத்திலும் எல்லாப் பணியிடமும் நிரம்பியிருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனாலும் எந்த அறுவை சிகிச்சைக்கு எந்த மருத்துவமனை, எந்தத் திட்டத்தில் செலவு கிடைக்கும் என்பதை ஒரே இடத்தில் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். நோய் தனியார் மருத்துவமனையில் தெரியவந்திருந்தாலும் நீங்களே நேராகப் போகலாம். வழி தெரியாவிட்டால் உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள், அல்லது 104-க்குப் போன் செய்யுங்கள்.

காப்பீட்டு அட்டை

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் வந்தது. அதற்கு முன் 2009-லிருந்து கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக நடந்தது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. இது குடும்பம் மொத்தத்துக்கும் சேர்த்த தொகை. பிரீமியத்தை அரசு கட்டுகிறது. ஆண்டு வருமான வரம்பு முன்பு 72,000 ரூபாயாக இருந்தது, 2022-ல் 1,20,000 ஆக உயர்ந்தது. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் இருப்பவர்களுக்கு இந்த வருமான வரம்பு இல்லை. அரசு ஊழியர் குடும்பங்களுக்குத் தனித் திட்டம் இருப்பதால் அவர்கள் இதில் வர மாட்டார்கள்.

ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். அச்சடித்த அட்டை கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பதிவு எண் கிடைத்தால் திட்டத்தின் இணையதளத்திலிருந்து மின் அட்டையை இறக்கிக்கொள்ளலாம்.

மருத்துவமனையில் என்ன நடக்கும்? குழந்தையைச் சேர்த்தவுடன் காப்பீட்டுப் பிரிவில் அட்டை எண்ணைக் கொடுக்க வேண்டும். சிகிச்சைக்குத் திட்டத்தில் என்ன பெயர் என்று பார்த்து, ரிப்போர்ட்டுகளை ஏற்றி, அப்ரூவல் கேட்பார்கள். அப்ரூவல் வந்த பிறகு சிகிச்சை. இந்த வரிசை மாறினால்தான் தகராறு வரும். பணம் கட்டிச் சிகிச்சை முடித்துவிட்டு, "அட்டை இருக்கே, திருப்பிக் கொடுங்க" என்று கேட்டால் கிடைக்காது. அதனால் தனியார் மருத்துவமனை என்றால் சேர்ப்பதற்கு முன்பே இரண்டு கேள்விகள் கேளுங்கள். இந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா? இந்தக் குழந்தைக்கு வேண்டிய இந்தச் சிகிச்சைக்கு அனுமதி பெற்றிருக்கிறதா? கண் ஆபரேஷனுக்கு மட்டும் அனுமதி உள்ள இடத்தில் இதய ஆபரேஷன் கிடைக்காது. "அட்டைக்கு மேல் கொஞ்சம் கட்டணும்" என்று யாராவது சொன்னால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். திட்டத்தில் சேர்ந்த சிகிச்சைக்குக் கையிலிருந்து பணம் கட்ட வேண்டியதில்லை.

காது கேட்க உதவும் காக்ளியர் கருவி பொருத்தல், எலும்பு மஜ்ஜை மாற்று, கல்லீரல் மாற்று, சிறுநீரக மாற்று போன்ற பெரும் செலவுச் சிகிச்சைகளுக்கு இதே திட்டத்தில் தனி நிதி இருக்கிறது. காக்ளியருக்கு 6 வயதுக்குள் என்ற வரம்பு உண்டு. குழந்தை கூப்பிட்டால் திரும்பவில்லை என்ற சந்தேகம் வந்தால், "பேச்சு தானா வரும், அவங்க மாமாகூட லேட்டாத்தான் பேசினான்" என்று வீட்டில் சொல்வதைக் கேட்டு நாள் கடத்தாதீர்கள்.

மாதச் செலவுக்கு ஜி.ஹெச். நோட்டு

தனியார் டாக்டரிடம் காட்டிக்கொண்டிருந்தாலும் அரசு மருத்துவமனையில் ஒரு பதிவு வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம், காத்திருப்பு, ஓ.பி. சீட்டு வரிசை எல்லாம் உண்மைதான். ஆனால் ஒரு குழந்தைக்குப் பத்துப் பதினைந்து வருடம் மருந்து வேண்டும் என்றால் கணக்கு மாறிவிடுகிறது.

ரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா நோயுள்ள குழந்தைகளுக்கு வேண்டிய, ரத்தத்தை உறையவைக்கும் ஃபேக்டர் மருந்து வெளியில் வாங்கினால் நடுத்தரக் குடும்பத்துக்கே கட்டாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அதை இலவசமாகத் தருகிறார்கள். ஒருமுறை பதிவு செய்து, ஃபேக்டர் 8 குறைவா 9 குறைவா, எந்த அளவு என்று எழுதிய அட்டையை வாங்கிக் குழந்தையின் பையிலேயே வையுங்கள். ராத்திரி முட்டி வீங்கி ஓடும்போது டியூட்டியில் இருக்கும் இளம் டாக்டருக்கு அந்த அட்டைதான் உதவும். தசையில் ஊசி போடக்கூடாது, ஆஸ்பிரின் கூடாது என்பதையும் அதில் எழுதி வாங்குங்கள்.

தலசீமியாவுக்கு அரசு ரத்த வங்கியில் ரத்தம் இலவசம். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றும்போது உடலில் இரும்புச்சத்து தேங்கும், அதை வெளியேற்றும் மாத்திரையையும் சேர்த்தே கேளுங்கள். ரத்தம் ஏற்றுவதோடு நிறுத்திவிட்டு மாத்திரையை விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு. பத்து வயதுக்கு மேல் இதயமும் கல்லீரலும் அதன் விலையைக் கொடுக்கின்றன.

டைப் 1 சர்க்கரைக்கு இன்சுலின் அரசு மருத்துவமனையில் கிடைக்கும். பையைக் காலி செய்வது சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்தான். ஒரு நாளைக்கு நான்கு முறை பார்க்க வேண்டும் என்றால் மாதம் 120 ஸ்ட்ரிப். அது அங்கே தருகிறார்களா என்று தெளிவாகக் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ விலை பாருங்கள். வலிப்பு மாத்திரைக்கும் இந்த இரண்டு கடைகளும் கைகொடுக்கும். ஒரு எச்சரிக்கை: வலிப்பு மாத்திரையின் கம்பெனி மாறினால் டாக்டரிடம் சொல்லாமல் தொடங்காதீர்கள்.

வெளியூரிலிருந்து வருபவர்கள் டாக்டரிடம் ஒரு மாதத்துக்கு எழுதித் தரும்படி கேட்கலாம். கேட்காவிட்டால் பத்து நாளைக்குத்தான் கிடைக்கும், பத்து நாளைக்கு ஒருமுறை அப்பா சம்பளத்தை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும்.

நடமாட முடியாத குழந்தைக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபியும் வலி நிவாரணப் பராமரிப்பும் வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்தால் போதும்.

மாற்றுத்திறனாளி சான்று: எங்கள் பிள்ளைக்கு எதற்கு?

இந்தக் கேள்வியை அதிகம் கேட்பவர்கள் ஹீமோபிலியா, தலசீமியா குழந்தைகளின் பெற்றோர். கை கால் நன்றாக இருக்கும் பிள்ளைக்கு இந்தச் சான்று எதற்கு, நாளைக்குக் கல்யாணத்தில் இடிக்குமே என்று தயங்குகிறார்கள். தயக்கம் புரிகிறது. ஆனால் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிட்டபோது ஹீமோபிலியா, தலசீமியா, சிக்கிள் செல் என்ற மூன்று ரத்த நோய்களையும் அதில் சேர்த்துவிட்டது. 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்விக்கு உரிமை, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இட ஒதுக்கீடு. பிளஸ் டூ முடிக்கும்போது சான்றுக்கு அலைவதைவிட இப்போதே வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்வது நல்லது. காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் காட்டினால் போதும்.

டைப் 1 சர்க்கரை இந்தப் பட்டியலில் இல்லை. யாராவது ஏஜென்ட் "வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்டால் நம்ப வேண்டாம்.

யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பிறகு அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழு பரிசோதித்துச் சதவீதம் தரும். அட்டையில் வெள்ளைக் கோடு என்றால் 40-க்குக் கீழ், மஞ்சள் என்றால் 40 முதல் 79, நீலம் என்றால் 80-ம் அதற்கு மேலும். பள்ளிக் குழந்தை என்றால் இன்னும் சுலபமான வழி இருக்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒவ்வொரு ஒன்றியத்திலும் மருத்துவ மதிப்பீட்டு முகாம் நடத்துகிறார்கள். டாக்டர்களும் அலுவலர்களும் ஒரே நாளில் ஒரே இடத்துக்கு வருவார்கள். தேதியை வட்டார வள மையத்தில் கேட்டால் சொல்வார்கள். குழந்தைகளுக்குச் சான்று பல நேரம் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் தருவார்கள். முடியும் தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள்.

அறிவுசார் குறைபாடோ தசைச்சிதைவு நோயோ 40 சதவீதமோ அதற்கு மேலோ, அல்லது கடுமையான உடல் பாதிப்பு 75 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். காத்திருப்போர் பட்டியல் இருக்கலாம் என்பதால் சான்று வந்த வாரமே கொடுங்கள்.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நான்குக்கும் மட்டும் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளையின் நிரமயா காப்பீடு இருக்கிறது. வருடம் 1 லட்சம் வரை. அதன் அருமை என்னவென்றால், முதலமைச்சர் காப்பீடு விட்டுவிடும் வெளிநோயாளிச் செலவும் தெரபிச் செலவும் இதில் வரும். பில்லை வைத்துத் திரும்பப் பெறும் முறை, ஆகவே ஒவ்வொரு தெரபிக்கும் ரசீது வாங்குங்கள். வருடா வருடம் புதுப்பிக்க மறந்துவிடுவதுதான் இதில் வழக்கமாக நடக்கும் தவறு.

லட்சக்கணக்கில் செலவு என்றால்

தலசீமியாவுக்கு உடன்பிறந்தவரின் மஜ்ஜை பொருந்தினால், கோல் இந்தியா நிறுவனத்தின் நிதியில் 2017 முதல் நடக்கும் தலசீமியா பால் சேவா யோஜனா 10 லட்சம் வரை தருகிறது. வேலூர் சி.எம்.சி. இதில் இருக்கிறது. வயது வரம்பும் வருமான வரம்பும் உண்டு, ஆகவே பொருத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

அரிய நோய்களுக்கு 2021-ல் வந்த தேசியக் கொள்கையின்படி, அதன் பட்டியலில் உள்ள நோய்களுக்கு 50 லட்சம் வரை, அறிவிக்கப்பட்ட உயர்சிறப்பு மையங்கள் வழியாகக் கிடைக்கும். பணம் மையத்துக்குத்தான் போகும். பக்கத்தில் இருப்பவற்றுள் ஒன்று பெங்களூரு இந்திரா காந்தி குழந்தைகள் மருத்துவமனையும் மனித மரபியல் மையமும் சேர்ந்து நடத்துவது. முதுகெலும்புத் தசைநார்ச் சிதைவு போன்ற சில நோய்களுக்கு மருந்தின் விலை இந்த 50 லட்சத்தை எங்கேயோ தாண்டிவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதய ஆபரேஷன், சிறுநீரக மாற்று, புற்றுநோய் சிகிச்சை போன்றவற்றுக்குப் பிரதமரின் தேசிய நிவாரண நிதியிலிருந்து ஒரு பகுதி கிடைக்கலாம். மருத்துவமனையின் செலவு மதிப்பீட்டுக் கடிதத்துடன் சிகிச்சைக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். பலர் தங்கள் தொகுதி எம்.பி. அலுவலகம் வழியாக அனுப்புகிறார்கள், அது நல்ல வழி.

பயணம், பள்ளி

ரயிலில் தலசீமியா, ஹீமோபிலியா, இதய ஆபரேஷனுக்குப் போகும் நோயாளி, டயாலிசிஸுக்குப் போகும் நோயாளி ஆகியோருக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் ஸ்லீப்பரில் 75 சதவீதம் சலுகை. அதற்கென உள்ள படிவத்தில் மருத்துவமனை கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். அடுத்த அப்பாயின்ட்மென்ட் தேதி எழுதும்போதே அந்தப் படிவத்தையும் நீட்டிவிடுங்கள்.

பள்ளியில் தலைமை ஆசிரியருக்கும் வகுப்பாசிரியருக்கும் ஒரே ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்: நோய் என்ன, எது நடந்தால் அவசரம், உடனே என்ன செய்ய வேண்டும், யாருக்குப் போன் செய்ய வேண்டும். டைப் 1 சர்க்கரைக் குழந்தை வகுப்பில் சாப்பிட அனுமதி கேட்டால் மறுக்கக்கூடாது என்பதை அதில் தடித்த எழுத்தில் எழுதுங்கள். சி.பி.எஸ்.இ. 2017-லேயே தேர்வு அறைக்குத் தின்பண்டம் கொண்டுபோக அனுமதி கொடுத்திருக்கிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், எழுத உதவியாளர் போன்ற சலுகை வேண்டுமென்றால் சான்றுடன் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே பள்ளி வழியாக விண்ணப்பியுங்கள். பள்ளிக்கே வர முடியாத குழந்தைக்கு, வீட்டுக்கு வந்து கற்பிக்கும் சிறப்பாசிரியர் ஏற்பாடும் வட்டார வள மையத்தில் இருக்கிறது.

மறுத்துவிட்டால்

காப்பீட்டில் "ரிஜெக்ட்" என்று வாயால் சொன்னால் போதாது. காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பாதி நேரம் ஏதோ ஒரு ரிப்போர்ட் ஏற்றப்படாமல் இருந்திருக்கும். திட்டத்தின் இலவச எண்ணில் புகார் பதிந்து எண் வாங்குங்கள். சான்று, உதவித்தொகை இழுத்தடித்தால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள், அல்லது 1100-ல் முதல்வரின் முகவரித் துறைக்குச் சொல்லுங்கள். மனுவில் கதை வேண்டாம். குழந்தையின் பெயர், நோய், எந்தத் திட்டம், எந்தத் தேதியில் யாரிடம் கொடுத்தோம், என்ன வேண்டும். அவ்வளவுதான். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள்.

12 வயதும் 18 வயதும்

அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவு பொதுவாக 12 வயது வரைதான். பழகிய டாக்டர், பெயர் சொல்லிக் கூப்பிடும் சிஸ்டர் எல்லாரையும் விட்டுவிட்டுப் பெரியவர்கள் ஓ.பி.க்கு மாற வேண்டியிருக்கும். மாறும்முன் இதுவரை நடந்த சிகிச்சை, இப்போதைய மருந்தளவு, ஒவ்வாமை மூன்றும் அடங்கிய ஒரு சுருக்க அறிக்கையைக் குழந்தை மருத்துவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புது இடத்தில் பிள்ளையே தன் நோயைப் பற்றிச் சொல்லப் பழகட்டும்.

18 வயதில் சட்டப்படி பெற்றோர் கையெழுத்து செல்லாது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு, 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்கும். வங்கிக் கணக்கு, சொத்து, சிகிச்சைக்கான ஒப்புதல் எல்லாவற்றுக்கும் அந்த ஆணையைக் கேட்பார்கள். பிறந்தநாள் முடிந்தவுடனே மனு கொடுக்கும்படி காகிதங்களை 17 வயதிலேயே சேர்த்துவிடுங்கள்.